கூம்பின் பரப்பு: சூத்திரம் தெரிந்தும் விடை தப்புவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூம்புக் கணக்கில் பெருக்கல் தப்பி மாட்டிக்கொள்பவர்கள் குறைவுதான். எந்தப் பரப்பு வேண்டும், எந்த நீளத்தை அளக்க வேண்டும் என்ற இரண்டு இடங்களில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. நானும் சறுக்கியிருக்கிறேன், அந்தக் கதை கீழே வருகிறது. இங்கே கூம்பு என்றால், வேறு சொல்லாதவரை, உச்சி அடிவட்டத்தின் மையத்துக்கு நேர்மேலே இருக்கும் நேர்வட்டக் கூம்பு.

முதலில் சூத்திரத்தைச் சொல்லிவிடுங்களேன்?

வளைபரப்பு = பை × ஆரம் × சாயுயரம். சாயுயரம் என்றால் உச்சியிலிருந்து அடிவட்ட விளிம்புவரை, கூம்பின் மேற்பரப்பின்மேல் சாய்வாக அளக்கும் நீளம். அடிவட்டத்தின் பரப்பு = பை × ஆரம் × ஆரம். இரண்டையும் கூட்டினால் மொத்தப் புறப்பரப்பு, அதாவது பை × ஆரம் × (சாயுயரம் + ஆரம்). சாயுயரம் தெரியாவிட்டால் பித்தாகரஸ் தேற்றம் இருக்கிறது: ஆரத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆரம் 5 செ.மீ., உயரம் 12 செ.மீ. என்றால் சாயுயரம் 13. வளைபரப்பு 65 பை, சுமார் 204 ச.செ.மீ. அடியையும் சேர்த்தால் 90 பை, சுமார் 283 ச.செ.மீ. சூத்திரம் இவ்வளவுதான்.

இந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க வழி உண்டா?

ஒரு காகிதக் கூம்பை எடுத்து, உச்சியிலிருந்து விளிம்புவரை நேராக ஒரு வெட்டு வெட்டி, மேசைமேல் தட்டையாக விரித்துப் பாருங்கள். விசிறி மாதிரி ஒரு வட்டக்கோணப்பகுதி கிடைக்கும். அந்த விசிறியின் ஆரம்தான் கூம்பின் சாயுயரம். அதன் வளைந்த ஓரம் கூம்பின் அடிவட்டச் சுற்றளவு. இப்போது விசிறியை உச்சியிலிருந்து மெல்லிய மெல்லிய முக்கோணங்களாக நறுக்கியதாக நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றின் உயரமும் ஏறக்குறைய சாயுயரம், எல்லா அடிகளையும் கூட்டினால் சுற்றளவு. முக்கோணத்துக்கு அரை × அடி × உயரம் என்பதால் மொத்தப் பரப்பு அரை × சுற்றளவு × சாயுயரம். சுற்றளவு 2 × பை × ஆரம் அல்லவா, அந்த 2-ம் அரையும் அடிபட்டுப் போக, மேலே சொன்ன சூத்திரம் வந்துவிடுகிறது.

எனக்கு என்னவோ "அரைச் சுற்றளவு × சாயுயரம்" என்ற வடிவம்தான் அதிகம் பயன்பட்டிருக்கிறது. நிஜப் பொருளில் ஆரத்தை அளக்க மையம் எங்கே என்று தேட வேண்டும், சுற்றளவுக்கு ஒரு நூல் போதும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் இதைச் சொல்லிவிட்டார், ஆனால் வேறு மாதிரி: ஆரம், சாயுயரம் இரண்டின் பெருக்குச் சராசரியை (இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தை) ஆரமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் பரப்பே கூம்பின் வளைபரப்பு. உதாரணமாக ஆரம் 4, சாயுயரம் 9 என்றால் 6 ஆரமுள்ள வட்டம். இரண்டிலும் 36 பை.

உயரமா, சாயுயரமா? எப்போதும் குழம்புகிறதே.

பரப்பு என்பது கூம்பின் தோல். உயரமோ கூம்புக்குள்ளே, காற்றில் நிற்கும் ஒரு கோடு. தோலில் இல்லாத கோட்டை வைத்துத் தோலின் அளவைச் சொல்ல முடியாது. கன அளவுக்கு உயரம், பரப்புக்குச் சாயுயரம்.

இனி என் கதை. ஒரு பெரிய டிரம்முக்கு மழைத்தண்ணீர் வழிந்தோடும்படி கூம்பு வடிவத் தகர மூடி செய்ய நினைத்தேன். ஆரம் 40 செ.மீ., உயரம் 30 செ.மீ. தகரத்தில் 30 செ.மீ. ஆரத்துக்கு வட்டம் போட்டுவிட்டு, எத்தனை பாகை வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டால் 360 × 40 ÷ 30, அதாவது 480 பாகை என்று வருகிறது! வட்டத்திலேயே மொத்தம் 360 பாகைதான். கையில் கத்தரியோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். சாயுயரம் 50 செ.மீ. என்று பிறகுதான் உறைத்தது, அதற்கு 288 பாகை, பரப்பு 2000 பை, அதாவது சுமார் 6283 ச.செ.மீ. நல்லவேளை, வெட்டுவதற்கு முன்பே கணக்கு முட்டிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒல்லியாக நெட்டையாக இருக்கும் கூம்பில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும். ஆரம் 7, உயரம் 24 என்றால் சாயுயரம் 25, மாற்றிப் போட்டாலும் 4 சதவீதம்தான் குறையும், யாருக்கும் தெரியாது. ஆரம் 12, உயரம் 5 என்ற தட்டைக் கூம்பில் சாயுயரம் 13. அங்கே 156 பை வர வேண்டிய இடத்தில் 60 பை வந்து நிற்கும்.

அடிவட்டத்தை எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது?

அந்த இடத்தில் பொருள் இருக்கிறதா என்று கேளுங்கள், அவ்வளவுதான். தொப்பி, புனல், கூரை, சாலையில் வைக்கும் எச்சரிக்கைக் கூம்பு ஆகியவற்றுக்கு அடி கிடையாது. மரத்தில் கடைந்த திண்மக் கூம்புக்கு எல்லாப் பக்கமும் வண்ணம் பூசினால் அடி உண்டு. கூடாரத்துக்குத் தரைவிரிப்பையும் சேர்த்துக் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தகரக் கூம்பின் உள்ளேயும் வெளியேயும் பூச வேண்டுமென்றால் வளைபரப்பை இரண்டால் பெருக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிட்டு, பாதி வேலையில் பெயிண்ட் தீர்ந்துவிட்டதே என்று விழிப்பார்கள்.

அட்டையில் கோமாளித் தொப்பி வெட்ட வேண்டும். எத்தனை பாகை வெட்டுவது?

360 × ஆரம் ÷ சாயுயரம். அடி ஆரம் 7 செ.மீ., உயரம் 24 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், சாயுயரம் 25, கோணம் 100.8 பாகை. காம்பஸ் அவ்வளவு விரியாது என்பதால் ஒரு நூலில் பென்சிலைக் கட்டி 25 செ.மீ. ஆரத்துக்கு வில் வரைந்து, பாகைமானியால் 101 பாகை குறித்து வெட்டினால் போதும். ஒட்டுவதற்கு ஓரத்தில் ஒன்றரை செ.மீ. பட்டையை விட மறக்காதீர்கள், அது 25 × 1.5, சுமார் 37 ச.செ.மீ. கூடுதல். தொப்பியின் பரப்போ 550 ச.செ.மீ.

பாகைமானி இல்லையா? பரவாயில்லை. வில்லின் மேல் 44 செ.மீ. நூலை வளைத்து வைத்து முனையைக் குறித்துக்கொள்ளுங்கள், அடிவட்டச் சுற்றளவு அதுதானே.

ஒரு தொப்பிக்கு 550 ச.செ.மீ. என்றால் பத்துத் தொப்பிக்கு 5500. என்னிடம் 100 செ.மீ.-க்கு 60 செ.மீ. அட்டை இருக்கிறது, 6000 ச.செ.மீ. போதும்தானே?

கணக்கு வகுப்பில் போதும், மேசைமேல் போதாது. விசிறி வடிவம் அட்டையில் இடைவெளியில்லாமல் அடங்காது. மேலே சொன்ன விசிறியைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால் அது சுமார் 38.5 × 25 செ.மீ., அதாவது 963 ச.செ.மீ. அதில் 550 தொப்பிக்கு, மீதி 413 துண்டு துணுக்கு. உங்கள் அட்டையில் அந்தச் செவ்வகங்களை நேராக அடுக்கினால் நான்குதான் வரும். ஒன்றை நிமிர்த்தி ஒன்றைக் கவிழ்த்தி மாற்றி மாற்றி வைத்தால் இன்னும் ஒன்றிரண்டு தேறலாம், பத்து வரும் என்று நம்பி ஆட்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பரப்பு என்பது குறைந்தபட்சத் தேவை. வாங்கவேண்டிய அளவு வேறு, அதை அறிய ஒரு தாளில் சின்னதாக வரைந்து அடுக்கிப் பார்ப்பதுதான் வழி.

மணல் குவியலை மூட எவ்வளவு பெரிய தார்ப்பாய் வேண்டும்? குவியலுக்குள் போய் உயரம் அளக்க முடியாதே!

உயரமே வேண்டாம். ஒரு கயிற்றால் குவியலின் அடியைச் சுற்றி அளங்கள், 22 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து டேப்பை ஒரு பக்கத் தரையிலிருந்து உச்சி வழியாக மறுபக்கத் தரைவரை போடுங்கள், 8.4 மீட்டர். அதில் பாதி, 4.2 மீட்டர், சாயுயரம். அரைச் சுற்றளவு 11. ஆக 11 × 4.2 = 46.2 ச.மீ. முடிந்தது.

ஆனால் 46.2 ச.மீ. தார்ப்பாய் வாங்கினால் மூடாது. தார்ப்பாயை யாரும் விசிறியாக வெட்டுவதில்லை, முழுசாக விரித்து மடிக்கிறோம். அதன் நடுப்புள்ளி உச்சியில் இருந்தால் எல்லாப் பக்கமும் குறைந்தது 4.2 மீட்டர் இறங்க வேண்டும், எனவே 8.4-க்கு 8.4 மீட்டர் சதுரம், அதாவது 70 ச.மீ.-க்குச் சற்று மேல். காற்றில் பறக்காமல் ஓரத்தில் கல் வைக்க இடம் வேண்டுமென்றால் 9-க்கு 9. இந்தக் குவியலை விரித்தால் 300 பாகை விசிறிதான் வரும், மீதி 60 பாகை தார்ப்பாயில் மடிப்பாக நிற்கும்.

இன்னொரு சுவாரசியம். அடிவட்டப் பரப்பு 38.5 ச.மீ., வளைபரப்பு 46.2, சரியாக 1.2 மடங்கு. ஆரம் ÷ சாயுயரம் என்பது சரிவுக்கோணத்தின் கொசைன், இங்கே கோணம் ஏறக்குறைய 34 பாகை. காய்ந்த மணல் தானாகச் சரிந்து நிற்கும் கோணமும் ஏறக்குறைய அதுவே, குவியல் சிறிதானாலும் பெரிதானாலும் அது பெரிதாக மாறாது. எனவே காய்ந்த மணலுக்கு அடிப்பரப்பை 1.2-ஆல் பெருக்கினாலே வளைபரப்பு தோராயமாக வந்துவிடும், ஏறி அளக்க வேண்டியதில்லை. ஈரமணலுக்கு இது பொருந்தாது, அது செங்குத்தாகக்கூட நிற்கும்.

கூம்பு வடிவக் கூடாரத்துக்குத் துணி எத்தனை மீட்டர்?

ஆரம் 3 மீட்டர், உயரம் 4 மீட்டர் என்றால் சாயுயரம் 5, வளைபரப்பு 15 பை, சுமார் 47.1 ச.மீ. துணியின் அகலம் 1.5 மீட்டர் என்றால் 47.1 ÷ 1.5 = 31.4 மீட்டர். தேர்வில் இதோடு நிறுத்தலாம். நிஜத்தில் கூடாரத்தை உச்சியில் குறுகும் முக்கோணத் துண்டுகளாகத் தைப்பார்கள். அடிச்சுற்றளவு 18.85 மீட்டர், 12 துண்டாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் அடியும் 1.57 மீட்டர், துணியின் அகலத்தைத் தாண்டிவிடுகிறது. 14 துண்டாகப் பிரித்தால் 1.35, இருபக்கமும் தையலுக்கு இடம் இருக்கிறது. ஆக, துண்டுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பரப்பு அல்ல, துணியின் அகலம்.

உருளைச் சுவரின் மேல் கூம்புக் கூரை இருந்தால்?

ஒட்டும் இடத்தில் இருக்கும் வட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வெளியே தெரியாது. சுவர் ஆரம் 3 மீட்டர், சுவர் உயரம் 5 மீட்டர், கூரை மேலே சொன்ன கூடாரம் மாதிரியே என்றால், சுவர் 30 பை, கூரை 15 பை, மொத்தம் 45 பை, சுமார் 141 ச.மீ.

இங்கே பலரும் கோட்டை விடுவது இறவாரத்தில், கூரை சுவரைத் தாண்டி வெளியே நீளும் பகுதியில். அதே சரிவில் கூரை 60 செ.மீ. வெளியே நீண்டால் ஆரம் 3.6, சாயுயரம் 6. பரப்பு 21.6 பை, சுமார் 67.9 ச.மீ. வெறும் 60 செ.மீ.-தானே என்று தோன்றும், ஆனால் கூரைப் பொருள் 44 சதவீதம் கூடிவிட்டது. ஓரத்தில் சேரும் வளையம்தான் கூம்பிலேயே மிக அகலமான சுற்று, அதனால் இந்த அடி. கூரைக்கு ஆரம் எடுக்கும்போது சுவரில் அளக்காமல் கூரையின் விளிம்பில் அளந்துகொள்ளுங்கள்.

வாளி, விளக்கு ஷேடு எல்லாம் உச்சி வெட்டப்பட்ட கூம்புதானே? அவற்றுக்கு?

இடைக்கண்டம் என்பார்கள். வளைபரப்பு = பை × (பெரிய ஆரம் + சிறிய ஆரம்) × சாயுயரம். மேசை விளக்கின் ஷேடு ஒன்றுக்கு மேல் ஆரம் 10 செ.மீ., கீழ் ஆரம் 20 செ.மீ., உயரம் 24 செ.மீ. என்போம். சாயுயரத்துக்கு ஆரங்களின் வித்தியாசத்தை எடுக்க வேண்டும், 10-ம் 24-ம் சேர்ந்து 26 தரும். பரப்பு 30 × 26 = 780 பை, சுமார் 2450 ச.செ.மீ. வாளிக்கு அடித்தட்டை மட்டும் கூட்டுங்கள், மேலே திறப்பு.

வெட்டுவது எப்படி என்று கேட்டால், இல்லாத உச்சியைக் கற்பனையில் வரையுங்கள். இந்த ஷேடில் ஆரம் 10-லிருந்து 20-க்குப் போக 26 செ.மீ. சாய்வு ஆகிறது, எனவே 0-விலிருந்து 20-க்குப் போக 52. ஒரே மையத்தில் 26, 52 செ.மீ. ஆரங்களில் இரண்டு வில் போட்டு, 360 × 20 ÷ 52, அதாவது ஏறக்குறைய 138.5 பாகை எடுத்தால் ஷேடு தயார். நேரான செவ்வகத் துண்டைச் சுற்றி ஷேடு செய்யப் பார்ப்பவர்களுக்கு உருளைதான் கிடைக்கும்.

ஆய்வகத்தில் வடிதாளை நான்காக மடித்துப் புனலில் வைக்கிறோமே, அதன் பரப்பு?

எனக்குப் பிடித்த கேள்வி இது. வட்டத்தாளை இரண்டு முறை பாதியாக மடித்து, ஒரு பக்கம் மூன்று அடுக்கு, மறுபக்கம் ஓர் அடுக்கு வரும்படி விரிக்கிறோம். கூம்பின் விளிம்பு தாளின் சுற்றளவில் பாதி. எனவே கூம்பின் ஆரம் சாயுயரத்தில் சரிபாதி, உச்சிக்கோணம் சரியாக 60 பாகை. வழக்கமான ஆய்வகப் புனலின் கோணமும் 60 பாகைதான், அதனால்தான் தாள் கச்சிதமாக ஒட்டி உட்காருகிறது. 11 செ.மீ. விட்டத் தாளில் சாயுயரம் 5.5, ஆரம் 2.75, வளைபரப்பு சுமார் 47.5 ச.செ.மீ. முழுத்தாளின் பரப்பு 95. சரிபாதி. மீதிப் பாதி மூன்று அடுக்குப் பக்கத்தில் மறைந்திருக்கிறது.

பை-க்கு 22/7 போடுவதா, 3.14 போடுவதா?

ஆரம் 7-இன் மடங்காக இருந்தால் 22/7, இல்லாவிட்டால் 3.14. முதலாவது உண்மை மதிப்பைவிட 0.04 சதவீதம் அதிகம், இரண்டாவது 0.05 சதவீதம் குறைவு. உங்கள் டேப் செய்யும் பிழை இதைவிடப் பெரியது.

உயரத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பும் இரட்டிப்பாகுமா?

ஆகாது. ஆரம் 5, உயரம் 12 என்ற கூம்பின் உயரத்தை 24 ஆக்கினால் சாயுயரம் 24.5, வளைபரப்பு 204-லிருந்து 385-க்குத்தான் போகும், 1.89 மடங்கு. ஆரம், உயரம் இரண்டையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு. ச.செ.மீ.-ஐ ச.மீ. ஆக்கும்போது 100-ஆல் வகுப்பதும் இதே குடும்பத்துத் தவறு, 10,000-ஆல் வகுக்க வேண்டும்.

ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த தகரம் செலவாகும் கூம்பு எது?

மேலே திறந்த கூம்பு என்றால் உயரம் ஆரத்தைப்போல் √2 மடங்கு, சுமார் 1.41. மூடிய கூம்பு என்றால் 2√2 மடங்கு, சுமார் 2.83. மூடிக்கும் தகரம் போவதால், மூடியைச் சிறிதாக்கிக் கூம்பை நெட்டையாக்குவது லாபம்.

உச்சி ஒரு பக்கமாகச் சாய்ந்த கூம்புக்கு இதே சூத்திரம்தானா?

இல்லை. கன அளவுச் சூத்திரம் அங்கேயும் அப்படியே பொருந்தும், அதனால்தான் பரப்பும் பொருந்தும் என்று ஏமாறுகிறோம். சாய்ந்த கூம்பில் ஒவ்வொரு பக்கமும் சாயுயரம் வேறு வேறு, எதை எடுத்துப் பெருக்குவது? அதற்கு எளிய சூத்திரமே கிடையாது, நீள்வட்டத் தொகையீடு என்ற வேறு சரக்கு வேண்டும். கைவேலைக்கு என்றால், மெல்லிய தாளை அதன்மேல் சுற்றி, ஓரத்தைக் குறித்து வெட்டி, கட்டம் போட்ட தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணிவிடுங்கள்.

விடை சரியா என்று சட்டென்று பார்க்க வழி?

வளைபரப்பு எப்போதும் அடிவட்டப் பரப்பைவிட அதிகமாகவே இருக்கும், சாயுயரம் ஆரத்தைவிடப் பெரிது என்பதால். உங்கள் விடை அதற்குக் குறைவாக வந்தால் உயரத்தையோ விட்டத்தையோ இடம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். அப்புறம், கோணம் 360-ஐத் தாண்டினால் கத்தரியைக் கீழே வையுங்கள்.